ஆற்றுப்படையும் கைப்பேசிச் செயலியும்

முன்னுரை

திருவண்ணாமலையில் இரமணாசிரமம் அமைந்துள்ள சாலை செங்கம் சாலையாகும். அப்பகுதிக்குப் புதிதாக வருவோர் எங்கே தங்குவது, எங்கே உண்பது, பதினான்கு கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையில் எப்பொழுது நடப்பது என்பனவற்றை இன்று பெரும்பாலும் கைப்பேசிச் செயலியிடமே கேட்டறிகின்றனர். அச்சாலை சென்றடையும் செங்கத்தை நோக்கிச் சங்ககாலத்திலேயே ஒரு கூத்தன் மற்றொரு கூத்தனுக்கு வழிகாட்டினான். அவ்வழிகாட்டலே பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம். இவ்விரண்டையும் ஒப்புநோக்கி, பரிந்துரைப்பவரின் கடமை யாது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆற்றுப்படையின் இயல்பு

‘ஆறு’ என்பது வழி. ‘படை’ என்பது செலுத்துதல். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் கலைஞனுக்குத் தான் பெற்ற வளத்தை எடுத்துரைத்து, அவனையும் அவ்வள்ளலிடம் செலுத்துவது ஆற்றுப்படை. இதன் இலக்கணம் தொல்காப்பியப் புறத்திணையியலில் கூறப்பெற்றுள்ளது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. இம்மரபு பிற்காலத்தும் வாழ்ந்தது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்திற்குப் புலவரை ஆற்றுப்படுத்தி, நாகூர் குலாம் காதிறு நாவலர் ‘புலவராற்றுப்படை’ பாடினார் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

மலைபடுகடாம் 583 அடிகளை உடையது, பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன். செங்கண்மாவே இன்றைய செங்கம் என்பர். வழியில் கிடைக்கும் உணவை இப்பாட்டு விரிவாகச் சொல்கிறது. மூங்கிலரிசியும் அவரையும் சேர்த்துச் சமைத்த புளிங்கூழும் அவற்றுள் ஒன்று. உணவைச் சொன்ன அதே நாவு இடரையும் சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ளன, விடிந்தபின் செல்க. தினைப்புனம் காப்போர் கவண்கல் எறிவர். மரங்களை மறைவாகக் கொண்டு கடந்து செல்க. பாம்பு உறையும் இடமும் வழுக்கும் பாறையும் உண்டு, விழிப்போடு இருக்க. இவ்வாறு அறிவுறுத்தல் தொடர்கிறது.

இதனால் நல்ல பரிந்துரைக்குரிய மூன்று பண்புகள் புலனாகின்றன. சொல்பவன் தானே சென்று கண்டவன்; கேட்பவனின் தேவையை அறிந்தவன்; நன்மையோடு இடரையும் மறையாது உரைப்பவன்.

அண்மைக்காலச் சான்று

இவ்வாய்மொழி மரபு இரமணாசிரமத்தின் வரலாற்றிலும் உண்டு. ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் 1930களின் தொடக்கத்தில் இந்தியா வந்தபொழுது, செங்கற்பட்டில் காஞ்சிச் சங்கராச்சாரியாரைக் கண்டார். அவரே பிரண்டனை இரமணரிடம் செல்லுமாறு அறிவுறுத்தினார். பிரண்டன் தம் அனுபவத்தை 1934இல் நூலாக வெளியிட்டார். அந்நூல் மேலைநாட்டார் பலரைத் திருவண்ணாமலைக்கு ஆற்றுப்படுத்தியது.

செயலி இயங்கும் முறை

இன்று இப்பணியைக் கணிப்பொறி செய்கிறது. 1992இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தார் ‘டேப்பஸ்ட்ரி’ என்னும் அமைப்பை விளக்கியபொழுது, ‘கூட்டு வடிகட்டல்’ என்னும் சொல்லைப் பயன்படுத்தினர். இதன் அடிப்படை எளியது. ஒருவருக்கும் மற்றொருவருக்கும் பத்து இடங்களைப் பற்றி ஒத்த கருத்து இருப்பின், முதலாமவர் விரும்பிய பதினோராவது இடம் இரண்டாமவர்க்கும் பிடிக்கலாம் எனக் கணிப்பொறி கணிக்கிறது. 2009இல் தோன்றிய போர்ஸ்கொயர் போன்ற செயலிகள் நண்பர்கள் சென்ற இடங்களையும் இக்கணிப்பில் சேர்த்துக்கொண்டன.

ஒரு கூத்தன் ஒரு குழுவிற்குச் சொன்னதை, இலட்சக்கணக்கானோர் ஒருவருக்கொருவர் நொடியில் சொல்ல முடிகிறது. மொழியறியாப் பயணியும் பயன்பெறுகிறார். இது பெரும்பேறே. ஆயினும் ஆற்றுப்படையின் மூன்று பண்புகளும் இங்கு உறுதியாக உள்ளனவா?

செல்லாதவரும் சென்றதாக எழுதலாம். பணம் பெற்றும் எழுதலாம். இதனாலேயே இணையக் கருத்துரைகளுக்கென இந்தியத் தர நிறுவனம் 2022இல் ஐ.எஸ். 19000 என்னும் தரநிலையை வகுத்தது. பலர் புகழ்ந்த கடை மேலும் புகழ்பெற, எவரும் எழுதாத சிறிய உணவகம் கண்ணுக்குப் புலப்படாமலே போவதும் உண்டு.

இடரை உரைக்காமை இன்னும் பெரிய குறை. 2024 டிசம்பர் 1 அன்று பெருமழையால் அண்ணாமலைச் சரிவில் மண் சரிந்து எழுவர் உயிரிழந்தனர். அம்மாதம் நிகழ்ந்த தீபத் திருவிழாவில் பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. மலையுச்சிக் காட்சியைப் புகழ்ந்து முன்னொரு கோடையில் எவரோ எழுதிய வரி, அந்த மழைக்காலத்திலும் மாறாது நின்றிருக்கும். ஐந்து விண்மீன்களில் பாறையின் வழுக்கல் தெரிவதில்லை.

முடிவுரை

செயலியைப் பழிப்பதனால் பயனில்லை. அது வெறும் ஏடு. அதில் எழுதுவோர் நாமே. மூன்று வரிக் கருத்துரை எழுதும் மாணவரும் ஓர் ஆற்றுப்படை ஆசிரியரே. சென்றுவந்த இடத்தைப் பற்றி மட்டும் எழுதுக. சென்ற காலத்தைக் குறிப்பிடுக. முதியோர்க்கும் சிறுவர்க்கும் அவ்விடம் ஏற்றதா எனச் சொல்லுக. கண்ட இடரை மறையாது உரைக்க. படிப்பவரும் ஒரு கருத்துரையை மட்டும் நம்பாது, அவ்வூராரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்க. நம் சொல்லை நம்பி முன்பின் அறியாத ஒருவர் வழி நடக்கிறார். அவர் நலமாகச் சென்று சேரவேண்டும் என்னும் அக்கறையே அன்றைய கூத்தனைப் பேசவைத்தது. அவ்வக்கறையோடு எழுதுவதே நமக்கும் கடமையாகும்.