யானைக்குச் செய்யும் தொண்டு: ஈழம் காட்டும் இரு வழிகள்

முன்னுரை

மரக்காணம் உப்பளக் கரையை அடுத்த கீழ்புத்துப்பட்டு, யானைக் காட்டிற்குத் தொலைவான ஊர். எனினும் யானை இவ்வூர்க்குப் புதிதன்று. இங்கு ஐயனார் கோயில் உண்டு. ஐயனார்க்கு யானையை ஊர்தியாகக் கூறுவது மரபு. இவ்வூரின் மறுவாழ்வு முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்க்கு ஆனையிறவு என்னும் பெயரும், அங்குள்ள உப்பளமும் நன்கு அறிந்தவை. உப்பு விளையும் இவ்விரு கரைகளையும் நினைவிற் கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

அயல்நாடு சென்று யானை நலத் திட்டங்களில் தன்னார்வத் தொண்டு புரியும் ஆர்வம் இன்றைய மாணவரிடையே காணப்படுகிறது. இத்தகைய திட்டங்கள் பலவற்றில் தொண்டு செய்ய வருவோரே கட்டணமும் செலுத்த வேண்டும். பெற்றோரின் பொருளைச் செலவிட்டுச் செய்யும் அத்தொண்டு யானைக்குப் பயன்படுகிறதா, அன்றி யானையைக் காட்டிப் பொருள் ஈட்டுவோர்க்குப் பயன்படுகிறதா என்பதை ஆராய்வது நம் கடமையாகும்.

பிடித்த காலம்

'இறத்தல்' என்னும் சொல்லுக்குக் 'கடத்தல்' என்பது பழம்பொருள். வன்னிக் காடுகளிற் பிடிபட்ட யானைகள் கடல்நீரேரியைக் கடந்து யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குள் செலுத்தப்பட்ட இடமே ஆனையிறவு. அவை ஊர்காவற்றுறையில் கப்பலேற்றப்பட்டு இந்தியத் துறைமுகங்களுக்கு அனுப்பப்பட்டன. ஒல்லாந்தர் ஆட்சியில் இவ்வாணிகம் பெருவருவாய் தந்தது. கிழக்கிலங்கையின் ஏறாவூரில் வாழ்ந்த முஸ்லிம் 'பணிக்கர்'கள், தோற்கயிற்றால் காட்டியானையைப் பிணிக்கும் திறத்தாற் புகழ்பெற்றிருந்தனர். அக்காலத்தின் திறமை பிடிப்பதில் இருந்தது. நம் காலத்தின் அறமோ விடுவிப்பதில் இருக்கிறது.

இரு இல்லங்கள்

தாயை இழந்த யானைக்கன்றுகளைக் காப்பதற்கு இலங்கையில் இரு புகலிடங்கள் உள்ளன. முதலாவது, கேகாலை மாவட்டத்தில் மகா ஓயா ஆற்றங்கரையில் உள்ள பின்னவல யானைகள் அனாதை இல்லம். இது 1975இல் தொடங்கப்பெற்றது. யானைகள் கூட்டமாக ஆற்றில் நீராடும் காட்சியைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். இங்கேயே யானைகள் ஈன்று பெருகுகின்றன. 2021 ஆகஸ்டில் சுரங்கி என்னும் பிடி இரட்டைக் கன்றுகளை ஈன்றது. ஆயினும், இங்கு வளரும் யானை மனிதரோடு பழகிவிடுவதால் காடு திரும்புவதில்லை. இங்கிருந்து கோயில்களுக்கும் அயல்நாட்டு விலங்குக் காட்சிச் சாலைகளுக்கும் யானைகள் அளிக்கப்பட்டுள்ளன.

இரண்டாவது, 1995இல் வனவிலங்குத் துறை உடவளவையில் நிறுவிய யானைகள் இடைத்தங்கல் இல்லம். பெயரே அதன் நோக்கத்தை உணர்த்துகிறது. இங்குக் கன்றுகளுக்கு நாள்தோறும் பலமுறை பாலூட்டுவர். எஞ்சிய பொழுதில் அவை கூட்டமாக மேய்ந்து திரியும். காண வருவோர் பால் கொடுக்கும் வேளையில் தொலைவிலுள்ள மேடையிலிருந்தே காண வேண்டும், தொடுதற்கு இசைவில்லை. கன்றுகள் ஏறத்தாழ ஐந்து அகவை எய்தியதும் ஒன்றோடொன்று பழகியவற்றைக் குழுவாகக் காட்டில் விடுவர். 1998இல் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட யானைகள் இவ்வாறு காடு சேர்ந்துள்ளன.

தொடக்கூடாது என்னும் விதி கடுமையாகத் தோன்றலாம். மனிதக் கையை நம்பி வளர்ந்த கன்று, காட்டில் விட்ட பின்னும் உணவு தேடி ஊர்க்குள் வரும். அதனால் உழவர்க்கும் இடர், யானைக்கும் இடர். ஆகவே, அன்பின் மிகுதியாலேயே விலகி நிற்கின்றனர் என்பது தெளிவு.

இலக்கியம் காட்டும் நெறி

தொல்காப்பிய மரபியல் யானையின் இளமைக்குக் 'கன்று' என்னும் பெயரோடு 'குழவி' என்னும் பெயரையும் உரியதாக்குகிறது. மனிதக் குழந்தைக்கு வழங்கும் சொல்லையே யானைக்கும் வழங்கிய மொழி நம் மொழி. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' உண்டு. வேடன் வலையிற் பட்ட மான் தன் கன்றுக்குப் பாலூட்டி மீள்வதற்காக நபிகள் நாயகம் தாமே பிணையாக நின்றார்கள். அம்மானைத் தம்மிடம் வைத்துக்கொள்ள அவர்கள் எண்ணவில்லை. தன் கன்றிடம் அது சேர வேண்டும் என்பதே அவர்கள் கருதியது. விலங்குக்குச் செய்யும் தொண்டின் இலக்கணத்தை இதனினும் சுருக்கமாகக் கூறல் இயலாது.

மாணவர் வினவ வேண்டியவை

அயல்நாட்டுத் தொண்டுக்குப் புறப்படும் மாணவர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

ஒன்று: அங்கு யானைமேல் ஏறவும் யானையைக் குளிப்பாட்டவும் இடமுண்டா? உண்டெனில், அது காட்சிக்காகப் பழக்கப்பட்ட யானை. 2025 சனவரியில் தாய்லாந்தில் யானையைக் குளிப்பாட்டிய ஸ்பெயின் நாட்டு மாணவி ஒருவர் அதனாலேயே தாக்கப்பட்டு உயிரிழந்தார்.

இரண்டு: அங்குள்ள யானை ஒருநாள் காடு திரும்புமா? திரும்ப இயலாத முதிய யானையெனில், அதற்கு உலவ நிலமும், கூடி வாழ இனமும் உண்டா?

மூன்று: யானையோடு வாழும் ஊர்மக்களுக்கு அத்திட்டத்தால் யாது நன்மை? இலங்கையின் வஸ்கமுவப் பகுதியில், வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றுடன் பணியாற்றும் அயல்நாட்டுத் தொண்டர், யானையைத் தொடுவதில்லை. அடிச்சுவடுகளையும் இலத்தியையும் பார்த்துக் குறிப்பெடுக்கின்றனர். யானை விரும்பாத ஆரஞ்சு மரங்களை வீட்டைச் சுற்றி வளர்க்க உழவர்க்குத் துணை நிற்கின்றனர். யானைத்தடத்தின் வழியே பள்ளி செல்லும் சிறுவர்க்கு அங்குத் தனிப் பேருந்தும் விடப்பட்டது. யானைக்கு அஞ்சாத ஊரே யானையைக் காக்கும் ஊராகும்.

முடிவுரை

கடல் கடந்து செல்ல வசதியற்ற மாணவர் மனந்தளர வேண்டுவதில்லை. தமிழக வனத்துறை 2024இல் நடத்திய கணக்கெடுப்பில் 3,063 காட்டுயானைகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. இத்தகைய கணக்கெடுப்புகளில் தன்னார்வலரும் பங்கு கொள்கின்றனர். அங்கும் யானையைத் தொடும் வாய்ப்பில்லை. கால் நோவ நடந்து, கண்டதைப் பிழையின்றி எழுதித் தருவதே பணி. படம் எடுத்துக்கொள்ளவும் பாராட்டுப் பெறவும் உதவாத இப்பணியே யானைக்கு உதவும் பணியாகும். தொண்டு செய்வோனை யானை அறிந்திருக்க வேண்டுவதில்லை. அது தன் காட்டை அறிந்திருந்தால் போதும்.