எத்தனை ஆசனம் போடலாம்?

சீனன்குடா

அன்புள்ள மருமகனுக்கு,

விவாதப் போட்டிக்கு உமக்குக் கிடைத்த தலைப்பைப் பார்த்தேன். கல்லூரிக் கால்பந்து அரங்கில் ஆசனங்களைக் கூட்ட வேண்டுமா, வேண்டாமா? கூட்டச் சொல்பவர் பெரிய ஆட்டத்தன்று மதிலில் ஏறி நின்றவர்களைக் காட்டுவார். வேண்டாம் என்பவர் செலவுக் கணக்கை வாசிப்பார். ஒருவர் சொன்னதை மற்றவர் தொடாமலே மணியடித்துவிடும். அப்படி ஆகாமலிருக்க இரண்டு பேரையும் ஒரே கேள்விக்குள் இழுத்து வாரும்: அரங்கு எந்த நாளுக்காகக் கட்டப்படுகிறது? வருசத்தில் ஒரு தடவை வரும் நெரிசல் நாளுக்கா, மிச்ச நாட்களுக்கா? மிச்ச நாட்களுக்குத்தான் என்பது என் கட்சி. நெரிசல் நாளைச் சமாளிக்க வேறு வழி இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

கல்லூரி ஆட்டத்துக்கு உலகத்திலேயே அதிகக் கூட்டம் கூடுவது அமெரிக்காவில். அங்கே கால்பந்து என்பது பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் வேறோர் ஆட்டம், ஆனால் ஆசனக் கணக்குக்கு அதனால் பாதகமில்லை. கலிபோர்னியாவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 1921இல் 60,000 பேருக்கு ஓர் அரங்கு கட்டியது. ஆறு வருசத்துக்குள் அதை 85,000க்கு மேல் பெருப்பித்தது. 1985இல் அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் போல் ஆட்டமும் 1994இல் நம்முடைய கால்பந்தின் உலகக் கிண்ண ஆட்டங்களும் அங்கே நடந்தன. அப்படிப்பட்ட நாட்களில் அரங்கு போதும் போதாததாக இருந்திருக்கும். சொந்த அணி சாதாரணச் சனிக்கிழமைகளில் ஆடும்போதோ வரிசை வரிசையாக வாங்குகள் காலியாகக் கிடந்தன. கடைசியில் 2005இன் முடிவில் பழையதை இடித்து, அடுத்த வருசமே 50,000 ஆசனங்களோடு புதிய அரங்கைத் திறந்தார்கள். ஓட்டப்பாதையையும் எடுத்துவிட்டதால் பார்ப்பவர்கள் ஆடுகளத்துக்குக் கிட்டவாக வந்தார்கள். பணமில்லாத கல்லூரி செய்த காரியமல்ல இது. உலகத்தின் பெரும் பணக்காரப் பல்கலைக்கழகங்களில் ஒன்று, கூடிப்போன ஆசனத்தைக் குறைப்பதற்காகச் செலவழித்தது. பக்கத்து ஊரான பேர்க்லியின் கதை இன்னும் கசப்பு. 1923இல் எழுந்த தன் அரங்கை அங்குள்ள பல்கலைக்கழகம் திருத்தி 2012இல் திறந்தது. பல பத்தாண்டு காலத்துக்கு ஆசன உரிமையை முன்கூட்டியே விற்றுக் கடனை அடைக்கலாம் என்று போட்ட கணக்கு பிழைத்தது. எதிர்பார்த்த அளவு விற்பனையாகவில்லை. 40 கோடி டொலருக்கு மேற்பட்ட கடன், விளையாட்டே பார்க்காத மாணவர்களுடைய நிறுவனத்தின் தலையிலும் விழுந்தது.

இதற்கு எதிர்த்தரப்பு மிச்சிகனைக் கொண்டுவரும். கொண்டுவரத்தான் வேண்டும், ஏனெனில் அது பலமான சாட்சி. மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கு 1927இல் 72,000 பேரோடு தொடங்கி இன்று 1,07,000ஐத் தாண்டி நிற்கிறது. 1975இன் பிற்பகுதி தொடக்கம், கொரோனா வருசத்தைத் தவிர்த்தால், அங்கே நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் வந்திருக்கிறார்கள். பெருப்பித்தால் நிறையும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்பார்கள். நீர் அந்த அரங்கின் அத்திவாரத்தைக் கேளும். அதைக் கட்டுவித்த பீல்டிங் யோஸ்ட், ஒரு லட்சம் பேரைத் தாங்கக்கூடிய அத்திவாரத்தை முதலிலேயே போட்டுவைத்தார். ஆசனத்தையோ அன்றைய தேவைக்கு மட்டும் வைத்தார். கூட்டம் முதலில் வந்தது, வாங்கு பிறகு வந்தது. ஆகவே மிச்சிகன் உம்முடைய சாட்சி, எதிர்த்தரப்பின் சாட்சியல்ல.

அவ்வளவு தூரம் போகாமல் நம் நாட்டுக்குள்ளேயும் பார்க்கலாம். 2011 உலகக் கிண்ணக் கிரிக்கெட்டுக்காக அம்பாந்தோட்டை மாவட்டத்தில் சூரியவெவவில் 35,000 பேருக்கு மைதானம் கட்டினார்கள். கொழும்பு பிரேமதாச அரங்கையும் அதேயளவுக்குப் பெருப்பித்தார்கள். அந்த உலகக் கிண்ணத்தில் சூரியவெவவுக்குக் கிடைத்தவை இரண்டே ஆட்டங்கள். கட்டிய கடனின் கீழ் நசிந்த கிரிக்கெட் சபை, அதன்பிறகு பல மாதம் தேசிய அணி வீரர்களுக்கே சம்பளம் கொடுக்க முடியாமல் நின்றது. ஆடுபவனுக்குக் கொடுக்க வேண்டியது பார்ப்பவனின் கதிரைக்குப் போய்விட்டது. கல்லூரியில் இதே கதை சின்ன அளவில் நடக்கும். பந்து, சப்பாத்து, பயிற்றுநர், புல்லுக்குத் தண்ணீர் எல்லாம் கொங்கிரீட்டுக்குள் போகும்.

எங்கள் ஊரில் இதற்கு இன்னும் பழைய பாடம் உண்டு. சீனன்குடாவில் பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காக எழுப்பிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். உலகப் போர் என்ற நெரிசல் நாளுக்குச் செய்த ஏற்பாடு அது. 1957இல் கடற்படை போனபின் பெரும்பாலானவை காடு மூடிக் கிடந்தன. 2003இல் இந்திய எண்ணெய் நிறுவனம் வந்த பிறகும் குதத் தொகுதியின் கீழ்ப்பகுதியில் ஒரு பங்குதான் பயன்பட்டது. மிச்சத்தைத் திருத்தி எடுக்க 2022இல் உடன்படிக்கை எழுத வேண்டியிருந்தது. அறுபது வருசம் கழித்தாவது பெறுமதி வந்ததே என்று ஒருவர் கேட்கலாம். வந்தது, ஒரு நாடு இன்னொரு நாட்டோடு கையெழுத்திடும் பெறுமதி. கல்லூரிப் பவிலியனின் வெடித்த படிக்கட்டுக்கு அப்படி யாரும் வரமாட்டார்கள். இந்தக் கடற்கரையில் உப்புக் காற்று கம்பிக்குள் இறங்கினால், பாவிக்காத கட்டடத்துக்கும் பாவித்த கட்டடத்துக்கும் ஒரே கதிதான்.

இனி ஒரு சின்னக் கணக்கு. மேடையில் இதைச் சொன்னால் கேட்பவர்கள் நிமிர்ந்து இருப்பார்கள். இங்கிலாந்தில் விளையாட்டரங்குப் பாதுகாப்புக்கு வைத்திருக்கும் கையேட்டின்படி, ஒரு மீற்றர் அகலப் படிக்கட்டால் நிமிசத்துக்கு 66 பேர் இறங்கலாம். அவசரமென்றால் அதிகபட்சம் எட்டு நிமிசத்தில் எல்லாரும் பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும். அப்படியானால் 1,000 பேருக்கு ஏறக்குறைய இரண்டு மீற்றர் அகலப் படி வேண்டும், 2,000 பேருக்கு நாலு. அதுவும் எந்தப் படியும் அடைபடாமல் இருந்தால். ஆசனத்தை இரட்டிப்பாக்கும் வரைபடத்தில் படலையும் படியும் இரட்டிப்பாகியிருக்கிறதா என்று முதலில் பாரும். 1985இல் பிராட்போர்ட் மைதானத்தில் மர அரங்கின் அடியில் சேர்ந்திருந்த குப்பையில் தீப்பிடித்தது. பின்பக்கத்துக்கு ஓடியவர்களுக்குக் கதவுகள் பூட்டியிருந்தன. 56 பேர் இறந்தார்கள். அங்கே ஆசனத்துக்குக் குறைவிருக்கவில்லை. நிழலும் இதில் சேர்த்தி. நம் பக்கத்தில் ஆட்டம் பின்னேரத்தில்தான் நடக்கும். மேற்குப் பக்கம் அரங்கு இருந்தால் வெயில் முதுகில் விழும். கிழக்கில் கட்டினால் ஆறு மணி வரைக்கும் கண்ணுக்குள் வெயில், கச்சான் காலத்தில் முகத்துக்கு நேரே சூட்டுக் காற்று. அந்த ஆசனங்கள் கணக்கில் இருக்கும், ஆட்கள் வேப்பமர நிழலில் நிற்பார்கள்.

நெரிசல் நாளுக்கு என்ன செய்வது? யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 தொடக்கம் ஆடும் 'வடக்கின் பெரும் போர்' என்ற கிரிக்கெட் போட்டிக்கு ஊரே திரளும். அந்தச் சில நாட்களுக்குக் கூடாரமும் தற்காலிக ஆசனமும் போதுகின்றன, போட்டி முடிந்தால் கழற்றிவிடலாம். தற்காலிகம் என்றால் ஆபத்து என்று எதிர்த்தரப்பு சொல்லும். பொய்யல்ல. 2022 மார்ச்சில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் உதைபந்தாட்டம் நடந்த இரவு, தற்காலிகக் கேலரி சரிந்து பலர் காயப்பட்டார்கள். ஆனால் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றினால் நிரந்தரமானதும் ஆபத்துத்தான். பொறியியலாளர் பார்த்துக் கையெழுத்து வைப்பதும், எண்ணித்தான் ஆளை ஏற்றுவதும் இரண்டுக்கும் வேண்டியவை.

மிகக் கடினமான மறுப்பைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். பணத்தைப் பற்றியதல்ல அது. முப்பது வருசம் போரில் போனது, தெற்கில் பெரிது பெரிதாகக் கட்டினார்கள், நம் பிள்ளைகளுக்கு மட்டும் சின்னது போதுமா என்று ஒருவர் எழுந்து கேட்டால் மண்டபம் அவர் பக்கம் சாயும். அந்த ஆதங்கத்தைக் கேலி செய்துவிடாதீர், அது நியாயமானது. யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு 1997 தொடக்கம் பாவிக்க முடியாமல் கிடந்து, இந்திய உதவியில் திருத்தப்பட்டு 2016 ஜூனில் திறந்தது. அதன் ஆசனங்கள் சுமார் 1,850. இப்போது யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்து மண்டைதீவில் 40,000 பேருக்கான கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் வேலை தொடங்கியிருக்கிறது. இரண்டில் எது நம் பெருமை என்று கேட்டால், எதில் அதிக நாள் பிள்ளைகள் ஆடுகிறார்களோ அதுதான் என்பேன். எங்களுக்கு மறுக்கப்பட்டது ஆடுகளம், வெளிச்சம், பயிற்றுநர், பெண்பிள்ளைகள் கூசாமல் போய்வரக்கூடிய மலசலகூடம். ஈடு கேட்பதென்றால் இவற்றைக் கேட்க வேண்டும்.

ஆகவே "வேண்டாம்" என்று மொட்டையாகப் பேசாதீர். அத்திவாரத்தைப் பெரிதாகப் போடலாம், மேற்குப் பக்கம் கூரையோடு சில நூறு ஆசனம் வைக்கலாம், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் விடலாம் என்று சொல்லும். அதற்கு மேல் கூட்டச் சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளும்: கடந்த மூன்று வருசமும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்குக் கொப்பி உங்களிடம் இருக்கிறதா? இருந்தால், அதைப் பார்த்தபிறகு நானும் கட்சி மாறக்கூடும்.

அன்புடன்,
மாமா