வளவிலே ஒரு புகையிரதப் பாதை

1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை நின்றபொழுது யாம் சிறுவராயிருந்தோம். 2014 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் அது மீண்டும் யாழ்ப்பாண நிலையத்தை வந்தடைந்தபொழுது, எம்மிடம் பயின்ற மாணாக்கருட் பலர் அதனைப் படத்திலன்றி நேரிற் கண்டிராதவர். நீண்ட பெட்டி வளைவில் எவ்வாறு திரும்புகின்றது, ஏற்றத்தில் எவ்வாறு ஏறுகின்றது என அவர் வினவினர். வாயாற் சொல்லி விளக்குதலினும் கண்முன்னே காட்டுதல் நன்றெனக் கருதி, வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் அனுப்பிய சிறு புகையிரதத்தை எம் வீட்டு வளவில் ஓடவிட முயன்றோம். முதன்முறை தவறினோம், தவறு முழுவதும் எம்முடையதே. அதனாற் பெற்ற அறிவை, இம்முயற்சியில் இறங்க விரும்பும் பழைய மாணவர்க்கும் அவர்தம் பிள்ளைகட்கும் பயன்படுமாறு இங்கே கூறுவோம்.

முதலாவது, அளவு. தோட்டப் புகையிரதங்களுட் பெருவழக்கானது, இரு தண்டவாளங்களுக்கிடையே 45 மில்லிமீற்றர் அகலமுடைய பாதையாகும். ஜேர்மனியின் நூரன்பேர்க் நகரத்து லேமன் நிறுவனத்தார் 1968 இல் எல்.ஜி.பி. என்னும் பெயரில் வெளியிட்டவை இவ்வளவினவே. ஒரு மீற்றர் அகலமுள்ள மெய்ப்பாதையை 22.5 இல் ஒரு பங்காகச் சுருக்கின் ஏறக்குறைய இவ்வளவு வரும்.

இரண்டாவது, வளைவு. பாதை அமைப்போர் முதலில் துணியவேண்டியது இதுவே. ஏனையவெல்லாம் இதனைப் பற்றியே நிற்கும். நமது மலைநாட்டுப் பாதையின் மிகக் கடிய வளைவுகள் ஏறக்குறைய 100 மீற்றர் ஆரையுடையன. அவற்றை மேற்கூறிய விகிதப்படி சுருக்கினும் நாலரை மீற்றர் ஆரை வேண்டும். வீட்டு வளவில் அதற்கு இடமேது? கடையில் விற்கும் மிகச் சிறிய வளைவின் ஆரை 60 சென்ரிமீற்றர்; நீண்ட பெட்டிகளுக்கு அது போதாது. 120 சென்ரிமீற்றரைக் கைக்கொள்ளுதல் நன்று. இரு முனைகளிலும் இவ்வரைவட்டங்களும் இடையே நான்கு மீற்றர் நேர்ப்பாதைகளும் அமைத்து, புறத்தே முப்பது சென்ரிமீற்றர் விளிம்பும் விடுவோமாயின், ஏழு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமுங் கொண்ட நிலம் போதும்.

மூன்றாவது, இடைவெளி. யாம் தவறியது இங்கேதான். பெட்டியின் அகலம் 13 சென்ரிமீற்றர். ஆதலின் இரு பாதைகளின் நடுக்கோடுகளுக்கிடையே 15 சென்ரிமீற்றர் போதுமென எண்ணி, 60 சென்ரிமீற்றர் வளைவுடன் இரட்டைப் பாதை இட்டோம். நேரிடத்தில் இரு வண்டிகளும் இடரின்றி விலகிச் சென்றன. வளைவிலோ ஒன்றையொன்று உரசிக் கவிழ்ந்தன. சூழ நின்ற பிள்ளைகள் சிரித்தனர், யாம் சிரிக்கவில்லை.

காரணம் இதுவாகும். பெட்டி நேரானது, பாதை வளைந்தது. எனவே வளைவில் நிற்கும் பெட்டியின் நடுப்பாகம் உட்புறமாகவும், முனைகள் வெளிப்புறமாகவும் துருத்தும். பெட்டி நீளம் 60 சென்ரிமீற்றர், முன்பின் சக்கரத் தொகுதிகளின் நடுவிடைத் தூரம் 40 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். 40 இன் வர்க்கத்தை ஆரையின் எட்டு மடங்கால் வகுத்தால் நடுப்பாகத்தின் துருத்தம் வரும். 60 இன் வர்க்கத்திலிருந்து 40 இன் வர்க்கத்தைக் கழித்து அவ்வாறே வகுத்தால் முனையின் துருத்தம் வரும். ஆரை 120 ஆயின் இவை முறையே 1.7, 2.1 சென்ரிமீற்றர், 60 ஆயின் 3.3, 4.2 சென்ரிமீற்றர். உட்பாதை வண்டியின் முனையும் வெளிப்பாதை வண்டியின் நடுவும் எதிர்ப்படுமாதலின், இரண்டையுங் கூட்டிப் பெட்டியகலத்தோடு சேர்த்து, மேலும் மூன்று சென்ரிமீற்றர் விடுதல் வேண்டும். ஆகவே நேரிடத்தில் 16, பெரிய வளைவில் 20, சிறிய வளைவில் 24 சென்ரிமீற்றர் எனக் கொள்க. சுவர், தூண், மரவடி ஆகியவற்றுக்கும் இக்கணக்கே பொருந்தும்.

நான்காவது, ஏற்றம். தெமோதரையிலே பாதை சுற்றிவந்து தன் நிலையத்தின் கீழேயே சுரங்கத்தினூடு செல்வதை அறிந்த பிள்ளைகள், அதுபோல் ஒன்று வேண்டுமென்பர். மேற்பாதையின் கீழே வண்டி நுழைய 25 சென்ரிமீற்றர் உயர வேறுபாடாவது வேண்டும். நாற்பதுக்கு ஒன்று என ஏறினும் அதற்குப் பத்து மீற்றர் நீளஞ் செல்லும், இறங்கவும் அவ்வளவே. முதன்முயற்சியில் அகலக் கால் வையாது சமதளத்தில் அமைத்தலே தக்கது.

ஐந்தாவது, நிலமும் வெயிலும். மாரி வெள்ளம் வடிந்தோடுமாறு 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்குத் தோண்டிச் சல்லியிட்டு, அதன்மேற் பாதையைக் கிடத்துக, ஆணியால் இறுக்கற்க. பத்து மீற்றர் பித்தளைத் தண்டவாளம் 30 பாகை வெப்பமேறின் ஏறக்குறைய ஆறு மில்லிமீற்றர் நீளும். பொருத்துகளில் இடம் விடாவிடிற் பாதை நெளியும்.

நிற்க. இவற்றையெல்லாம் மண்வெட்டியைத் தொடுமுன்னரே செய்து பார்க்கலாம். முளையும் கயிறுங் கொண்டு நிலத்தில் வட்டம் வரைந்து, பெட்டியளவு மட்டையொன்றை வெட்டி அவ்வட்டத்தின்மேல் நகர்த்துக. எங்கே உரசுமென்பது உடனே புலப்படும். எமது இரண்டாம் பாதையை அவ்வாறே மாணாக்கரைக் கொண்டு அளப்பித்தோம். முன்னர்ச் சிரித்தவர்களே கணக்கிட்டுக் கயிறு பிடித்தனர். வண்டிகள் இரண்டும் வளைவில் எதிர்ப்பட்டு, இரு விரல் இடைவெளியில் உரசாது கடந்தபொழுது எவரும் பேசவில்லை. வர்க்கமும் வகுத்தலும் எதற்கு என்று அதன்பின் எம்மை அவர் வினவியதுமில்லை.