பணிநிலைக்கேற்ற காட்சியும் காவலும்

முன்னுரை

கருவியின்றிக் கருமம் இல்லை. அக்கருவியும் அதனைக் கையாள்வார் தொழிலுக்கு இயைந்ததாதல் வேண்டும். தச்சனுக்கு உளி வேண்டும். கொல்லனுக்குத் துருத்தி வேண்டும். ஒருவர் கருவி மற்றவர்க்குப் பயன்படுதல் அரிது. ஆயின், இக்கால அலுவலகங்களிலே தொழில் பலவாயினும் கருவி ஒன்றாய் நிற்கும் புதுமையைக் காண்கின்றோம். அக்கருவி கணிப்பொறி. காலையில் ஒருவர், மாலையில் மற்றொருவர், இரவில் வேறொருவர் அதன்முன் அமர்கின்றனர். தம் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உட்புகுகின்றனர். உட்புக்கவர் யாவர் என உணர்ந்து, அவர் பணிநிலைக்கு வேண்டுவனவற்றை மட்டும் முன்வைக்கும் வகையில் ஒரு மென்பொருளை அமைப்பது எங்ஙனம்? அங்ஙனம் அமைப்பார் எளிதில் வழுவும் இடம் யாது? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கெனின், கூறுவாம். நம் இலக்கணத்திலே பெயர்ச்சொல் ஒன்றேயாயினும், அஃது ஏற்கும் வேற்றுமைக்கேற்ப அதன் நிலை வேறுபடுகின்றது. 'மருத்துவர் வந்தார்' என்புழி எழுவாயாய் நின்ற அவரே, 'மருத்துவரை அழைத்தார்' என்புழிச் செயப்படுபொருளாகின்றார். ஆள் மாறவில்லை, நிலையே மாறிற்று. கணிப்பொறியாளர் 'ரோல்' என வழங்கும் பணிநிலையும் இத்தகையதே. அஃது ஆளொடு பிறந்ததன்று; அவர் ஏற்ற அலுவலொடு வந்து, அவ்வலுவலொடு நீங்குவது. இவ்வேறுபாட்டை உளங்கொண்டால் பின்வருவன யாவும் எளிதில் விளங்கும்.

கூறுகளால் ஆகிய மென்பொருள்

ஒரு மருத்துவமனையை எடுத்துக்காட்டாகக் கொள்வாம். பதிவெழுத்தர் நோயாளியின் பெயரையும் ஊரையும் எழுதுகின்றார். செவிலியர் உடல்வெப்பத்தையும் நாடித்துடிப்பையும் குறிக்கின்றார். மருத்துவர் நோயை ஆய்ந்து மருந்து விதிக்கின்றார். மருந்தாளர் அதனை எடுத்துக் கொடுக்கின்றார். கணக்கர் பணம் பெறுகின்றார். நோயாளி ஒருவரே, அவர் பொருட்டு நிகழும் தொழில் ஐந்து.

இவ்வைவர்க்கும் ஐந்து மென்பொருள்களைத் தனித்தனியே எழுதினால் யாது நேரும்? நோயாளியின் பெயரைத் தேடும் பகுதி ஐந்திலும் இருக்கும். அதில் ஒரு பிழை காணின் ஐந்திடத்தும் திருத்தல் வேண்டும். ஓரிடத்தில் மறப்பினும், மருத்துவர் காணும் நோயாளி ஒருவரும் மருந்தாளர் காணும் நோயாளி வேறொருவருமாகக் கூடும். இனி, ஐவர்க்கும் ஒரே மென்பொருளை எழுதி, அதன் இடந்தோறும் 'இவர் செவிலியராயின் இது செய்க. கணக்கராயின் அது செய்க' என வகுத்துச் செல்லலாமோவெனின், அதுவும் நன்றன்று. ஆறாவது பணிநிலை ஒன்று தோன்றும்போது நிரல் முழுவதையும் புரட்டித் திருத்த நேரும்.

இவ்விரு குறையும் நீங்கும் வழியை டேவிட் பார்னஸ் என்னும் அறிஞர் 1972-இல் வெளியிட்ட கட்டுரையொன்றிற் காட்டினார். பின்னர் மாறக்கூடிய முடிபு எதுவோ, அதனை ஒரு கூற்றினுள் அடக்கி, ஏனைய கூறுகள் அறியாவண்ணம் மறைத்துவைத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. கூறு என்றது கணிப்பொறியாளர் 'மாட்யூல்' என்பதனை. நம் மருத்துவமனையில் அடிக்கடி மாறுவது யாது? எப்பணிநிலையார்க்கு எவ்வுரிமை என்னும் அட்டவணையே. ஆகலின், அவ்வட்டவணையை ஒரு தனிக்கூற்றில் அடக்குதல் வேண்டும். மருந்து விதிக்கும் கூறு 'இவர் மருத்துவரா?' எனக் கேளாது, 'இவர்க்கு மருந்து விதிக்கும் உரிமை உண்டா?' எனக் கேட்டல் வேண்டும். வினா இவ்வாறு அமையின், நாளைப் பல்மருத்துவர் எனப் புதியதொரு பணிநிலை வரினும், அட்டவணையில் ஒரு வரி கூட்டுதலே அமையும். மருந்துக் கூற்றைத் தொடவேண்டுவதில்லை.

ஆளுக்குப் பணிநிலை, பணிநிலைக்கு உரிமை என்னும் இம்முறையினை டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்டு கூன் என்னும் இருவர் 1992-இல் வரையறுத்து எழுதினர். 2004-இல் அஃது அமெரிக்க நாட்டின் தர அளவுகளுள் ஒன்றாயிற்று.

நெட்பீன்ஸ் என்னும் மேடை

கொள்கை இஃதாக, செயல்முறையை ஒரு சான்றால் விளக்குவாம். கூறுகளைக் கொண்டு மென்பொருள் அமைப்பார்க்கு அடித்தளமாய் உதவும் மேடைகள் பல உள. அவற்றுள் நெட்பீன்ஸ் என்பதொன்று. அது மாணவர் முயற்சியால் தோன்றியது என்பது நம்மனோர்க்கு உவகை தருவதாம். 1996-இல் செக் நாட்டுத் தலைநகராகிய பிராகு நகரிலே, சார்லஸ் பல்கலைக்கழக மாணவர் சிலர், ஜாவா மொழியில் நிரல் எழுதுவார்க்கு உதவும் கருவியொன்றை ஆக்கத் தொடங்கினர். அதனை 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் விலைக்குப் பெற்று, 2000-இல் அதன் மூலநிரலை யாவர்க்கும் பொதுவாக்கிற்று. 2016-இல் அஃது அப்பாச்சி அறக்கட்டளைக்கு அளிக்கப்பெற்றது. அக்கருவியின் அடியில் நின்ற பொதுப்பகுதியே, பிறரும் தத்தம் மென்பொருளைக் கட்டிக்கொள்ளும் மேடையாய்ப் பயன்படுகின்றது.

இம்மேடையில் ஒவ்வொரு கூறும் 'லேயர்' எனப்படும் ஓர் ஏட்டினைத் தன்னொடு கொண்டுவரும். தான் சேர்க்கும் மெனு, பொத்தான், சாளரம், விசைச்சுருக்கம் ஆகியவற்றைக் கோப்புறைகளும் கோப்புகளும் போல அவ்வேட்டில் அடைவுபட எழுதியிருக்கும். மேடை அவ்வேடுகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, ஒரே ஏடாகக் காணும். கண்ணாடித் தாள்கள் பலவற்றில் வரைந்த கோடுகள் அடுக்கிப் பார்ப்புழி ஒரே ஓவியமாய்த் தோன்றுதலை இதற்கு உவமையாகக் கூறலாம்.

உட்புக்கவர்க்கேற்பக் காட்சியை மாற்றுதற்கு இம்மேடையில் இருவழி உண்டு. ஒன்று, முதலில் யாவற்றையும் வைத்து, வேண்டாதவற்றை மறைப்பது. கீழேட்டிலுள்ள கோப்பின் பெயரொடு 'ஹிடன்' என்னும் ஈற்றைச் சேர்த்து மேலேட்டில் எழுதின், அப்பொருள் காட்சியினின்றும் நீங்கும். மற்றொன்று, தொடக்கத்தில் ஓர் இடத்தை வெறுமையாய் விட்டுவைத்து, ஒருவர் உட்புக்கபின் அவர் பணிநிலைக்குரிய ஏட்டை அவ்விடத்துச் செருகுவது. செருகியவளவிலே, மென்பொருளை நிறுத்தாமலே மெனு மாறும்.

இவ்விரண்டனுள் எது சிறந்தது? 1975-இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்பார் கணிப்பொறிக் காவலுக்கு எட்டு நெறிகளைத் தொகுத்துரைத்தனர். உரிமை உண்டெனத் தெரிந்தாலன்றி இல்லையெனவே கொள்க என்பது அவற்றுள் ஒன்று. பணிநிலையை அறிவிக்கும் தொடர்பு இடையில் அறுந்துபோயிற்று எனக் கொள்வாம். முதல்வழியில், மறைக்க வேண்டுவன மறையாது யாவும் வெளிப்பட்டு நிற்கும். இரண்டாம் வழியில், ஒன்றும் தோன்றாது. பிழை நேர்ந்தகாலை அடைந்து நிற்பதே காவலுக்கு ஏற்றதாகலின், இரண்டாம் வழியே சிறந்ததென்பது எம் துணிபு.

காட்சி காவலாகாது

இனி, இக்கட்டுரையின் தலையாய பொருளுக்கு வருவாம். மெனுவினின்றும் ஒன்றை நீக்கியவுடன், அச்செயலையே தடுத்துவிட்டதாகக் கருதுதல் பெரும்பிழை. நாம் எடுத்துக்கொண்ட மேடையிலேயே இதற்குச் சான்று உண்டு. ஆங்கு மெனு ஒரு கோப்புறையிலும், பொத்தான்வரிசை மற்றொன்றிலும், விசைச்சுருக்கம் வேறொன்றிலும் எழுதப்படுகின்றன. கணக்கர் காட்சியினின்றும் 'மருந்து விதி' என்பதை மெனுவில் மட்டும் மறைத்து, விசைச்சுருக்கத்தை மறந்துவிட்டால், அவர் கை தவறி இரண்டு விசைகளை ஒருங்கே அழுத்தியவிடத்து மருந்துச் சாளரம் திறந்துகொள்ளும். அவர் தீயவரல்லர், ஆயினும் தீங்கு விளையும்.

தீய எண்ணம் உடையாரையும் கருதுதல் வேண்டும். மேசைக்கணிப்பொறியில் இயங்கும் மென்பொருளின் கோப்புகள் அக்கணிப்பொறியிலேயே கிடக்கின்றன. வல்லார் ஒருவர் அவற்றைத் திறந்து, அடைத்த வழியைத் திறந்துகொள்ளுதல் கூடும். ஆகலின், செயல் எங்கு நிறைவேறுகின்றதோ அங்கே, அஃதாவது நோயாளியர் குறிப்புகளைத் தாங்கிநிற்கும் சர்வரிலே, ஒவ்வொரு வேண்டுகோளும் வருந்தோறும் உரிமையை ஆராய்தல் வேண்டும். ஒருமுறை வாயிலில் ஆராய்ந்தோம்; இனி ஆராய வேண்டா என்றிருத்தல் ஆகாது. எவ்வணுகலையும் ஆராய்க என்பதும் முற்கூறிய எட்டனுள் ஒன்றே.

அற்றேல், காவல் சர்வரில் உளதாகக் காட்சியை மாற்றுதல் வீண்முயற்சி அன்றோவெனின், அன்று. நள்ளிரவில் பல நோயாளிகளைப் பேணும் செவிலியர், தமக்கு வேண்டும் நான்கு செயல்களை நாற்பதனிடையே தேடுதல் தகுமோ? தேடும் பொழுதும் வீணாம். தவறானதைத் தொடும் இடுக்கணும் நேரும். வேண்டுவன மட்டும் நின்றால் கண்ணும் கையும் தெளிவுறும். நேர்மையாளர்க்குக் காட்சி துணையாகும்; நேர்மையிலார்க்குக் காவல் தடையாகும். இரண்டும் வேண்டும், ஒன்று மற்றொன்றன் வேலையைச் செய்யாது.

மறைத்தலிலும் ஒரு வரம்பு உண்டு. ஒருவர் எக்காலத்தும் செய்தற்கில்லாததை முற்றும் நீக்கலாம். உரியகாலத்துச் செய்யக்கூடியதையோ, நீக்காது, மங்கலாக்கிக் காட்டுதலே முறை. நோயாளியைத் தேர்ந்தபின்னரே வெப்பத்தைக் குறிக்கலாமெனின், தேருமுன் அப்பொத்தான் மங்கி நிற்கட்டும். அடியோடு மறைந்தால், இருந்த பொருள் எங்குற்றதென அவர் அலைவர்.

ஆளும் பணிநிலையும்

பணிநிலையை நோக்குவார் ஆளை மறத்தல் ஆகாது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே, பலர் ஒருங்கே பயன்கொள்ளும் கணிப்பொறி முறையொன்றை ஃபெர்னாண்டோ கொர்பாட்டோவின் குழுவினர் ஆக்கி, 1961-இல் முதன்முதற் காட்டினர். ஆங்கு ஆட்சிப்பணி செய்வார் பலர் ஒரே கோப்புறையைப் பகிர்ந்துகொண்டனர். கோப்புகளைத் திருத்தும் நிரலோ, ஒரு கோப்புறையில் ஒருபொழுது ஒருவரே திருத்துவார் என்னும் எண்ணத்தால், இடைக்காலக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை இட்டது. ஒருநாள் ஒருவர் கடவுச்சொற் கோப்பையும், மற்றொருவர் அன்றைய அறிவிப்பையும் ஒருங்கே திருத்தினர். இரண்டும் இடம் மாறின. அதன்பின் உட்புக்கார் ஒவ்வொருவர்க்கும் அறிவிப்புக்கு மாறாக அனைவர் கடவுச்சொற்களும் காட்டப்பட்டன. இதனைக் கொர்பாட்டோவே பின்னாளில் தம் டியூரிங் பரிசுப் பேருரையில் எடுத்துரைத்தார். ஒரே பணிநிலையில் இருவர் நிற்கலாம் என்பதை மறந்ததன் விளைவு இது.

ஆகலின், எப்பணிநிலையில் நின்று செய்தார் என்பதோடு, செய்தவர் இன்னார் என்பதையும் குறித்தல் வேண்டும். ஒருவர் பணிமுறை முடிந்து வெளியேறும்போது அவருக்கெனச் செருகிய ஏட்டை எடுத்துவிடுதல் வேண்டும்; திறந்த சாளரங்களை மூடிவிடுதலும் வேண்டும். நெட்பீன்ஸ் மேடை சாளரங்கள் நின்ற இடத்தை நினைவிற்கொண்டு மீண்டும் திறக்கும் இயல்பினது. ஒருவர்க்கு நன்மையாகும் அவ்வியல்பே, பலர் மாறி அமரும் இடத்தில், மருத்துவர் விட்டுச்சென்றதைக் கணக்கர்க்குக் காட்டிவிடும். வெளியேறுந்தோறும் மென்பொருளை முற்றும் நிறுத்தி மீளத் தொடங்குதலே சிக்கலற்ற வழி.

அடைத்தற்கும் அளவுண்டு

காவலே குறியாய் நிற்பாரும் வழுவுவர். நள்ளிரவில் உணர்விழந்த நோயாளி ஒருவர் கொண்டுவரப்படுகின்றார். அவருக்குரிய மருத்துவர் அங்கில்லை. எம்மருந்து அவர்க்கு ஒவ்வாது என்பது குறிப்பில் உளது. அக்குறிப்பைத் திறக்கும் உரிமை அங்குள்ள மருத்துவர்க்கு இல்லை. இந்நிலையில் காவல் நோயாளியைக் காக்கவில்லை. இதன்பொருட்டே, தீயணைப்பு மணியின் கண்ணாடியை உடைத்து ஒலிக்கச் செய்தல் போன்றதொரு வழியை வைப்பர். மருத்துவர் காரணத்தை எழுதிவிட்டுக் குறிப்பைத் திறக்கலாம். திறந்தமை அவர் பெயரொடும் நேரத்தொடும் பதிவாகும். பின்னர்ப் பிறர் அதனை ஆராய்வர். உயிர்க்கு முதலிடமும், மறைபொருட்குப் பொறுப்பும் ஒருங்கே அமையும் வழி இது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், உரிமை அட்டவணையைத் தனிக்கூற்றில் அடக்குதலும், உரியதைச் செருகுதலே மறைத்தலினும் சிறந்தது என்பதும், காட்சி வேறு காவல் வேறு என்பதும், பணிநிலையொடு ஆளையும் குறித்தலும், இடுக்கண் வேளைக்கு ஒரு வாயில் வைத்தலும் இன்றியமையாதன என்பது பெறப்பட்டது. நம் கல்லூரி மாணவருட் பலர் நாளை நிரல் எழுதுவோராதல் கூடும். அதனினும் பலர் பிறர் எழுதிய மென்பொருளின்முன் அமர்ந்து பணிபுரிவர். எழுதுவோர், தம் திரையின் மறுபுறத்தே களைத்த கைகளும், நம்பிக் கிடக்கும் நோயாளியும் உளர் என்பதை மனத்திற்கொண்டு எழுதுவாராக. பணிபுரிவோர், பணிமுறை முடிந்து எழும்போது வெளியேறும் பொத்தானை அழுத்திவிட்டு எழுவாராக.