செக் திரும்பினால் கோர்ட்டுக்கு யார் போவது?

அவிநாசிபாளையத்தில் உங்கள் கம்பெனியிடம் பனியன் துணி வாங்கிய பார்ட்டியின் செக் திரும்பிவிட்டது. பிரைவேட் லிமிடெட் என்றால் புகார் கம்பெனி பெயரில்தான் போக வேண்டும். டைரக்டரின் சொந்தப் பெயரில் அல்ல. கையெழுத்துப் போடுபவருக்கு போர்டு தீர்மானம் கொடுங்கள். ‘கோர்ட் வேலை பார்க்க’ என்று மொட்டையாக எழுதாமல், புகார் கொடுக்க, சாட்சி சொல்ல, சமரசம் பேச என்று பிரித்து எழுதுவது நல்லது.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயமே. விவகாரம் நேரில் தெரிந்தவரே சாட்சி சொல்லலாம் என்று 2013-ல் ஏ.சி. நாராயணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பில், டெலிவரி சலான், லெட்ஜர் எல்லாம் பார்த்த அக்கவுண்டன்ட், நேற்று சேர்ந்த மேனேஜரைவிட மேல். அவருக்கு நேரடியாகத் தெரியும் என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

அவர் நடுவில் வேலையை விட்டுவிட்டாரா? புதுத் தீர்மானம் போட்டு வேறொருவரை அனுப்பக் கோர்ட்டில் அனுமதி கேட்கலாம். தனி முதலாளி நிறுவனத்துக்குத் தீர்மானமே தேவையில்லை.

பேங்க் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அது பார்ட்டி கைக்குப் போனதிலிருந்து 15 நாள் அவகாசம். அதற்கும் பணம் வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார்.