ஆம்னிக்குள் அடுப்பு வேண்டாம்

கேள்வி: எங்களிடம் 2009-ஆம் ஆண்டு மாருதி ஆம்னி ஒன்று இருக்கிறது. அப்பா வாங்கியது, ஐந்து சீட், வெள்ளை போர்டு. 2024-ல் எஃப்.சி. காட்டி 2029 வரை ஆர்.சி.யைப் புதுப்பித்துவிட்டோம். நான், மனைவி, பத்து வயது மகள், ஏழு வயது மகன் என்று வீட்டில் நான்கு பேர். விடுமுறைக்கு எங்கே போனாலும் லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகவில்லை. பின் சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில், சின்ன சிலிண்டரோடு அடுப்பு, சிங்க், கூரைமேல் ஒரு கூடாரம் என்று வண்டியையே வீடாக்க ஆசை. மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறைக்காரர் எல்லாவற்றையும் வெல்டிங் வைத்து ஒன்றரை லட்சத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா ஐயா?
— வாசகர், கதிர்காமம், புதுச்சேரி

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் வெல்டிங் வேண்டாம், வண்டியில் ஒரு துளைகூட வேண்டாம். கட்டில், சமையல் பெட்டி, பேட்டரி எல்லாமே ஊருக்குப் புறப்படும்போது உள்ளே ஏறி, திரும்பி வந்ததும் வீட்டுக்குள் இறங்கிவிட வேண்டும். சட்டம், உயிர், பணம் என்று எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நான் இங்கேதான் வந்து நிற்கிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதையே அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று உரிமையாளரின் தலையில் பொறுப்பு வைத்தார்கள். பட்டறைக்காரருக்கு இதில் ஒன்றும் நேராது, ஆர்.சி.யில் இருப்பது உங்கள் பெயர். முறையான கேரவன் என்றால் அதற்குத் தனித் தரநிலை, தனிச் சான்று எல்லாம் இருக்கின்றன. பழைய ஆம்னிக்காக அந்த வழியில் அலைவதில் பொருளில்லை. ஐந்து சீட்டும் இருந்த இடத்தில் இருந்து, பின்னால் நாலு பெட்டியும் பலகையும் இருந்தால் அது சாமான் ஏற்றிய குடும்ப வண்டி, அவ்வளவுதான். சீட்டைக் கழற்றி, கூரையைத் துளைத்து, தரையில் இரும்பு பற்றவைத்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

இனி அடுப்பு. இதில் உங்களிடம் கெஞ்சிக்கூடக் கேட்பேன்: வண்டிக்குள் சிலிண்டர் வைத்துச் சமைக்காதீர்கள். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரையில் நின்றிருந்த ஒரு சுற்றுலா ரயில் பெட்டி எரிந்தது நினைவிருக்கும். உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்கள் சமையலுக்காக விதியை மீறி சிலிண்டர் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். அவ்வளவு நீளமான பெட்டியிலேயே அந்தக் கதி என்றால், ஆம்னியின் மொத்த நீளமே 3,370 மில்லிமீட்டர். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது; கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். அந்தத் தரையில்தான் உங்கள் பிள்ளைகள் படுத்திருப்பார்கள்.

தீயாவது கண்ணுக்குத் தெரியும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்திய ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது. அதன் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு தரையிலிருந்த துளை வழியாக உள்ளே வந்திருக்கிறது என்று கோழிக்கோடு என்.ஐ.டி. குழு சோதித்துச் சொன்னது. நிறமும் மணமும் இல்லாத வாயு, தூங்குகிறவர் விழிப்பதில்லை. துளை போடாதீர்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு இது பெரிய காரணம். ஏ.சி. போட்டு எஞ்சினை ஓடவிட்டபடி ஒரு நிமிடம்கூடத் தூங்கக் கூடாது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கடைகளில் கிடைக்கிறது. மெத்தை வாங்குவதற்கு முன் அதை வாங்குங்கள்.

சமையலை வெளியே வைத்துக்கொள்ள ஆம்னியைப் போல வசதியான வண்டி குறைவு. பின்கதவு மேல்நோக்கித் திறந்து நிழல் தருகிறது. ஒரு மரப்பெட்டியில் பாத்திரம், மசாலா டப்பா, அரிவாள்மனை, தண்ணீர்க் கேன் எல்லாம் அடுக்கிப் பின்பக்கம் வையுங்கள். நறுக்குவதும் கழுவுவதும் அங்கே. அடுப்பு மட்டும் வண்டியிலிருந்து பத்தடி தள்ளி, மடக்கு மேசைமேல் இருக்கட்டும். ஐந்து கிலோ சிலிண்டர் போதும். பயணத்தில் அது நிமிர்ந்து, பட்டை போட்டு இறுக்கி, ரெகுலேட்டர் கழற்றி மூடி போட்ட நிலையில் வர வேண்டும். அந்த நேரங்களில் ஜன்னல் கொஞ்சம் இறங்கியிருக்கட்டும். ராத்திரி தூங்கும்போது சிலிண்டர் வெளியே. சிங்க் வேண்டவே வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் குழாய் வைத்த 20 லிட்டர் கேனும் அந்த வேலையைச் செய்யும்.

வாரநாளில் வேலைக்கு ஓடும் வேனை விடுமுறையில் வீடாக்க, இறக்கி ஏற்றும் பெட்டி என்ற யோசனை பழையது. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா கம்பெனி 1950-களின் தொடக்கத்தில் ஃபோக்ஸ்வாகன் வேனுக்கு இப்படி ஒரு பெட்டியைத்தான் முதலில் செய்தது. அதற்குப் பிறகு வந்த மர அலமாரி, அடைத்த கதவு, கம்பளி ஒட்டிய சுவர் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் தங்களுக்கென்று செய்துகொண்டவை. நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் வருபவை பெரும்பாலும் அவைதான். நமக்கு எதிரி வேறு: வெக்கை, புழுக்கம், கொசு.

ஆம்னிக்கு இரண்டு பக்கமும் நகரும் கதவு. இரண்டையும் திறந்து, கதவின் அளவுக்குக் கொசுவலை தைத்து ஓரத்தில் காந்தம் வைத்தால் தகரத்தில் தானே ஒட்டிக்கொள்ளும். காற்று குறுக்கே ஓடும். நாம் வாங்கக்கூடிய எந்த இன்சுலேஷனும் இதற்கு ஈடாகாது. கூரைத் துணிக்கு மேலே மட்டும், ஏ.சி. டக்ட் கடைகளில் விற்கும் பத்து மில்லிமீட்டர் நைட்ரைல் ரப்பர் ஷீட்டை ஒட்டச் சொல்லுங்கள். பகல் வெயிலில் நின்ற தகரம் உள்ளே அனல் வீசுவது குறையும். இன்னொன்று: ஆம்னியின் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. ஊர் போய்ச் சேர்ந்ததும் எல்லாக் கதவையும் திறந்து ஒரு மணி நேரம் ஆறவிட்ட பிறகு மெத்தையை விரியுங்கள். திரைச்சீலைகளும் காந்தத்தில் ஒட்டுபவையாக, நிறுத்திய பிறகு மாட்டுபவையாக இருக்க வேண்டும். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது.

மின்விசிறிக்கு எவ்வளவு பேட்டரி என்பதைச் சிறு கணக்கில் பார்க்கலாம். 20 வாட் டி.சி. ஃபேன் இரண்டு, எட்டு மணி நேரம்: 320 வாட் அவர். விளக்கு, செல்போன் எல்லாம் சேர்த்து இன்னொரு 60. ஓர் இரவுக்கு 380 ஆகிறது. 12.8 வோல்ட், 50 ஆம்பியர் அவர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரியில் 640 வாட் அவர் இருக்கும். வீட்டிலேயே சார்ஜ் போட்டு, கைப்பிடி வைத்த பெட்டியில் எடுத்துப் போங்கள். இரண்டாவது இரவுக்கு, வழியில் சாப்பிட நிற்கும் ஓட்டலிலோ தங்கும் இடத்திலோ கேட்டுச் சார்ஜ் போடலாம். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். வண்டியின் சொந்த பேட்டரியைத் தொடாதீர்கள். காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியோடு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

கட்டிலுக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் போதும். பட்டறைகளில் 18 என்பார்கள். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றே முப்பது கிலோவைத் தாண்டும். 796 சிசி எஞ்சின் அது, ஒவ்வொரு கிலோவும் அதற்குத் தெரியும். பலகையை மூன்று துண்டாக வெட்டி, அலுமினியச் சதுரக் குழாயில் மடக்குக் கால் வைத்து, மடக்கிய பின் சீட்டுக்கு மேலே நிற்கும்படி செய்யச் சொல்லுங்கள். வண்டியின் வெளி அகலமே 1,410 மில்லிமீட்டர். உள்ளே நாலு பேர் படுக்க முடியாது. உங்கள் மனைவியும் பிள்ளைகளும் உள்ளே, நீங்கள் கதவை ஒட்டித் தரையில் ஒரு சின்னக் கூடாரத்தில். கூரைமேல் கூடாரம் கூடாது. ஒல்லியாக உயர்ந்த வண்டி. மேலே எடை ஏறினால் வளைவில் சாயப் பார்க்கும், இரண்டு ஆள் படுக்க அந்தத் தகரமும் செய்யப்படவில்லை.

வண்டி ஓடும்போது அந்தக் கட்டிலில் பிள்ளைகள் படுத்து வரக் கூடாது. வீடியோக்களில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. பலகைகள் பின் சீட்டுக்குப் பின்னால் பட்டை போட்டு இறுகக் கட்டியிருக்க வேண்டும். பிள்ளைகள் சீட்டில், பெல்ட்டோடு. பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெல்ட் இல்லையென்றால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று சட்டமே சொல்கிறது. பின் சீட்டில் பெல்ட் இல்லையா, நைந்திருக்கிறதா, உங்கள் முதல் செலவு அதுதான்.

ஒன்றரை லட்சத்தை எங்கே போடலாம் என்றால், பெரும்பகுதியைப் போடவே வேண்டாம். உங்கள் ஆர்.சி. 2029 வரை. ஆம்னி உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டது. பற்றவைத்த கட்டில் இந்த வண்டியோடு பழைய இரும்புக்குப் போகும். கழற்றிச் செய்த கட்டில் அடுத்து நீங்கள் வாங்கும் மாருதி ஈகோ வேனுக்குள் சின்ன மாற்றத்தோடு உட்காரும். கையிலிருக்கும் பணத்தில் முதலில் பிரேக், டயர், சஸ்பென்ஷன், கூலன்ட் ஹோஸ் ஆகியவற்றைப் பாருங்கள். பெட்ரோல் ஹோஸ்களை மாற்றியே தீர வேண்டும்; இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்து வருகிறது, பழைய ரப்பர் அதற்கென்று செய்ததில்லை. படுக்கும் இடத்தில் பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கு அங்கே தூங்காதீர்கள். கடல்காற்று படும் ஊர் நம்முடையது. மிதியடியை எடுத்துவிட்டுத் தரைத் தகரத்தை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். பொத்துப்போன இடம் இருந்தால் பட்டறைக்காரருக்கு நியாயமான வெல்டிங் வேலை அதுதான். அதோடு அடியில் ஆன்டி-ரஸ்ட் பூச்சு, பெல்ட் பொருத்துவது, அலுமினியக் கால். இந்த வேலைகளை அவரிடமே கொடுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை முதலில் செஞ்சி, திருவண்ணாமலை, தரங்கம்பாடி என்று சமவெளியில் போய் வாருங்கள். காப்புக்காட்டுக்குள் இரவு நிறுத்த அனுமதியில்லை; தோப்போ காலி மனையோ என்றால் உரிமையாளரைக் கேட்டு, கழிப்பறை வசதியையும் விசாரித்துவிட்டு நிறுத்துங்கள். ஆம்னியில் உங்கள் முழங்காலுக்கு முன்னால் தகரத்தைத் தவிர வேறொன்றும் இல்லை, ஆகவே அறுபதுக்கு மேல் போக வேண்டாம், இருட்டியபின் நெடுஞ்சாலை வேண்டாம். வண்டி பழகிய பிறகு பதினான்கு கொண்டை ஊசி வளைவுள்ள ஏலகிரிக்கு முயலலாம். எழுபது வளைவுள்ள கொல்லிமலைக்கு நான்கு பேரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு இந்த வண்டியில் ஏறாதீர்கள். வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போய் வாருங்கள்.