காறல் எண்ணெயும் காளை விந்தும்

பலசரக்கு வியாபாரிக்குக் காறல் என்றால் என்னவென்று சொல்லித்தரத் தேவையில்லை. திறந்து வைத்த எண்ணெய் டின் சில மாதத்தில் மணம் மாறிவிடும். காற்றிலுள்ள ஒட்சிசன் கொழுப்பைத் தாக்குவதே காரணம். அந்த நட்டத்தைப் பலமுறை சுமந்தவன் நான். மாட்டுப் பண்ணைக்காரருக்கும் இதே காறல்தான் நட்டம் வைக்கிறது என்பதை அண்மையில்தான் அறிந்தேன்.

பழக்கமான ஒருவர் கடைக்கு வந்தார். "நாநா, தேயிலையிலயும் மஞ்சள்லயும் எடுத்த தூள் இது. காளை விந்தை உறைய வைக்கக்குள்ள சேர்த்தா கெடாது. பங்குக்கு வாங்க" என்றார். கேட்ட தொகை சிறியதல்ல. இரண்டு வாரத் தவணை கேட்டுக்கொண்டு, படிக்கவும் மிருக வைத்தியர் ஒருவரிடம் விசாரிக்கவும் தொடங்கினேன்.

செயற்கை முறைச் சினைப்படுத்தலுக்கான விந்தை மெல்லிய குழாய்களில் அடைத்து, மறை 196 பாகை செல்சியஸ் குளிருள்ள திரவ நைதரசனில் வைக்கிறார்கள். ஒரு தடவை எடுத்த விந்தை ஐதாக்கினால் நூற்றுக்கணக்கான குழாய்கள் கிடைக்கும். இதைச் சாத்தியமாக்கியது ஒரு போத்தல் குழப்பம். 1949இல் லண்டனில் கிறிஸ்டோபர் போல்ஜ் குழுவினர் சேவல் விந்தைச் சீனிக் கரைசலில் உறைய வைத்ததாகவே எண்ணினர். லேபல் மாறியிருந்தது, உள்ளே இருந்தது கிளிசரோல். கடையில் லேபல் மாறினால் நமக்கு ஏச்சு, அவர்களுக்குப் புகழ்!

கிளிசரோல் பனிப் படிகத்தின் சேதத்தைக் குறைக்கும். முட்டை மஞ்சட்கரு குளிர் அதிர்ச்சியிலிருந்து காக்கும். அப்படியிருந்தும் உறைந்து உருகும்போது ஏறத்தாழ பாதி விந்தணுக்கள் பழுதாகிவிடுகின்றன. விந்தணுவின் மென்சவ்வில் எளிதில் காறக்கூடிய கொழுப்பே அதிகம். தன்னைக் காக்கும் சரக்கு அதனிடம் மிகக் குறைவு. பசு சினைப்படாவிட்டால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். தீனிச் செலவு மட்டும் நிற்காது.

இங்குதான் தாவரச் சாறுகள் வருகின்றன. பச்சைத் தேயிலையின் கற்றெகின், மஞ்சளின் குர்குமின், மாதுளை, ரோஸ்மேரி ஆகியவற்றிலுள்ள பொருட்கள் ஒட்சியேற்றத்தைத் தாமே ஏற்றுக் கொழுப்பைக் காக்கின்றன. பாகிஸ்தானில் நீலி ராவி எருமை விந்தில் பச்சைத் தேயிலைச் சாற்றைச் சோதித்து, உருகிய பின் விந்தணுக்களின் அசைவு கூடியதைக் கண்டார்கள். செம்மறி, மாடு ஆகியவற்றிலும் நல்ல முடிவுகள் உண்டு. ஆகவே வந்தவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் முழுக் கணக்கையும் சொல்லவுமில்லை. அளவு கூடினால் இதே சாறு விந்தணுவைக் கெடுக்கும். கருக்கட்டும் ஆற்றலைப் பெற விந்தணுவுக்குச் சிறிதளவு ஒட்சியேற்றமும் தேவை. அதையும் துடைத்துவிட்டால் பயனில்லை. நுணுக்குக்காட்டியில் நன்றாக நீந்துவது ஒன்று, பசு சினைப்படுவது வேறொன்று. பின்னதை நிரூபிக்க நூற்றுக்கணக்கான பசுக்களில் பார்க்க வேண்டும். பல ஆய்வுகள் அதுவரை போகவில்லை.

எனக்கு உறுத்தியது இன்னொன்று. கறுவா, கராம்பு வாங்கி விற்பவர்களுக்கு இது தெரியும்: ஒரே தோட்டத்துச் சரக்குக்கூட மழைக்காலத்தில் ஒரு தரம், வெயிலில் ஒரு தரம். சாறும் அப்படித்தான். இலை மாறினால் சத்தின் அளவு மாறும். சரியான அளவு ஒரு சிட்டிகை தவறினாலே விஷமாகிற இடத்தில், ஒவ்வொரு பொதிக்கும் ஆய்வுகூட அறிக்கை இல்லாத தூளை யார் நம்பி வாங்குவார்? பண்ணைக்காரர் தூளைக் குழாய்க்குள் போடவும் முடியாது. வாங்கக்கூடியவர் விந்து தயாரிக்கும் நிலையத்தார் மட்டுமே. வாடிக்கையாளர் விரல்விட்டு எண்ணக்கூடிய வியாபாரம் இது.

தவணை முடிந்து அவர் வந்தபோது இரண்டு கடதாசி கேட்டேன்: பொதிக்குப் பொதி சத்தின் அளவு காட்டும் அறிக்கை, தூள் சேர்த்த விந்திலும் சேர்க்காத விந்திலும் எத்தனை பசுக்கள் சினைப்பட்டன என்ற கணக்கு. இரண்டும் அவரிடம் இல்லை. தேநீர் குடித்துவிட்டு, கொண்டுவந்து தருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். காசு இன்னும் என் பெட்டியில்தான்.